டேட்டாபேஸுக்கு எவ்வளவு மெமரி? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட் பக்கத்துச் சிறு கம்பெனிகள், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள், ராயக்கோட்டை தக்காளி மண்டிகள், தருமபுரியின் பள்ளி, கல்லூரி அலுவலகங்கள் என்று எங்கே போனாலும் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், அதிலும் 15-க்குப் பிந்தைய பதிப்புகள் பற்றியது; இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 13-ஆம் கேள்வியில் வருகிறது. அமைப்புகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். கான்ஃபிக் கோப்பில் அவை சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி வரும் இடத்தில் அடிக்கோட்டுடன் இருக்கும்.

1. சர்வர்ல 16 ஜிபி ரேம் இருக்கு சார். போஸ்ட்கிரெஸ் 128 எம்பி-தான் எடுத்துக்குதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். படித்த டேட்டாவை போஸ்ட்கிரெஸ் ரேமில் வைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு, அதாவது ஷேர்டு பஃபர்ஸ் என்ற அமைப்பின் ஆரம்ப மதிப்பு 128 எம்பி. எந்தச் சின்ன மெஷினிலும் கிளம்பிவிட வேண்டும் என்பதற்காக வைத்த எண் அது. ஆனால் போஸ்ட்கிரெஸ் படிக்கும் ஒவ்வொரு 8 கேபி பிளாக்கும் லினக்ஸின் பேஜ் கேஷிலும் (டிஸ்க்கில் படித்ததை இயங்குதளம் ரேமில் வைத்திருக்கும் இடம்) தங்கும். அதனால் ஒன்றும் மாற்றாமல் விட்டாலும் மீதி ரேம் முழுக்க வீணாகிவிடுவதில்லை. மாற்றினால் வேகம் கூடும். பத்து மடங்கு கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

2. அப்போ ஷேர்டு பஃபர்ஸ் எவ்வளவு வைக்கிறது? ஒருத்தர் 25% சொல்றார், இன்னொருத்தர் 75% சொல்றார்.

டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய மெஷின் என்றால் 25%-ல் ஆரம்பியுங்கள். 16 ஜிபிக்கு 4 ஜிபி. 40%-க்கு மேல் போனால் பெரும்பாலும் பலன் இல்லை என்பது போஸ்ட்கிரெஸின் சொந்த ஆவணமே சொல்வது. மேலே சொன்ன பேஜ் கேஷுக்கு இடம் விடவேண்டும்; இல்லாவிட்டால் ஒரே பிளாக் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ரேமை இரண்டு முறை தின்னும்.

75% சொன்னவர் மைஎஸ்க்யூஎல் பழக்கத்தில் சொல்லியிருப்பார். அங்கே இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சின் பேஜ் கேஷைத் தாண்டி நேரடியாக டிஸ்க்கைப் படிக்கும்படி வைப்பது வழக்கம். அதனால் தன் பஃபர் பூலையே பெரிதாக வைத்துக்கொள்ளும். இரண்டு பேரும் அவரவர் டேட்டாபேஸுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

3. எஃபெக்டிவ் கேஷ் சைஸ் 12 ஜிபி போட்டா அவ்வளவும் போயிடுமா?

ஒரு பைட்கூடப் போகாது. ஷேர்டு பஃபர்ஸும் பேஜ் கேஷும் சேர்ந்து எவ்வளவு இருக்கும் என்று, குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பிளானருக்குக் கொடுக்கும் குறிப்பு மட்டும்தான் அது. மதிப்பு குறைவாக இருந்தால் பிளானர் இன்டெக்ஸை எடுக்கத் தயங்கி முழு டேபிளையும் படிக்கப் போகும். ரேமில் 60 முதல் 75% வரை வைக்கலாம்.

4. ஒர்க் மெம் 4 எம்பி ரொம்பக் கம்மியா இருக்கே. 256 எம்பி வச்சுட்டா ரிப்போர்ட் எல்லாம் பறக்குமில்ல?

இந்த மாவட்டங்களில் பார்த்தவரை சர்வர்கள் படுப்பது பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்தால்தான். ஒர்க் மெம் என்பது வரிசைப்படுத்தல் போன்ற வேலைக்குத் தரும் ரேம் வரம்பு. அது சர்வருக்கு ஒன்று என்றோ கனெக்ஷனுக்கு ஒன்று என்றோ இல்லை. ஒரு குவெரிக்குள் வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்தல்), ஒவ்வொரு ஹேஷுக்கும் (இணைக்க, தொகுக்கக் கட்டும் தற்காலிக டேபிள்) தனித்தனியாக ஒன்று. ஹேஷ் என்றால் ஹேஷ் மெம் மல்டிப்ளையர் காரணமாக அதில் இரண்டு மடங்கு வரை போகலாம். ஒரே குவெரியைப் பங்கிட்டு ஓட்டும் பேரலல் ஒர்க்கர்கள் வந்தால் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு.

16 ஜிபி மெஷினுக்குக் கணக்கு இப்படி எழுதுங்கள். ஷேர்டு பஃபர்ஸ் 4 ஜிபி. இயங்குதளத்துக்கும் சில்லறைக்கும் 1.5 ஜிபி. செத்த வரிசைகளைத் தானே துப்புரவு செய்யும் ஆட்டோவேக்கம் ஒர்க்கர்கள் 3 பேர், ஆளுக்கு 256 எம்பி, ஆக 0.75 ஜிபி. கையால் இன்டெக்ஸ் கட்டும் வேலைக்கு 0.5 ஜிபி. 60 கனெக்ஷன், தலைக்கு 10 எம்பி என்று 0.6 ஜிபி. போக மீதி சுமார் 8.6. அதில் 4 ஜிபியைப் பேஜ் கேஷுக்கென்று தொடாமல் விட்டால் ஒர்க் மெம்முக்குக் கிடைப்பது 4.6 ஜிபி. ஒரே நேரத்தில் உண்மையிலேயே ஓடும் குவெரி 20, ஒவ்வொன்றிலும் 3 சார்ட் அல்லது ஹேஷ் என்றால் 60 பங்கு. பங்குக்கு 78 எம்பி சொச்சம் வரும். ஹேஷின் இரட்டிப்புக்காகப் பாதியாக்கி, கீழே இறக்கி 32 எம்பி வையுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட 256 எம்பியைப் போட்டுப் பாருங்கள்: 60 பெருக்கல் 256, 15 ஜிபி. மிச்சம் இருந்த 4.6-ல் இது எங்கே அடங்கும்? தினமும் அவ்வளவும் ஒன்றாக வராது என்பது உண்மை. வருகிற அன்றைக்கு மாசக் கடைசியாகத்தான் இருக்கும்.

5. ஒர்க் மெம் பத்தாம போறதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

லாக் டெம்ப் ஃபைல்ஸ் என்ற அமைப்பை 0 ஆக்கி ரீலோட் செய்யுங்கள். மெமரி போதாமல் டிஸ்க்கில் எழுதப்பட்ட ஒவ்வொரு தற்காலிகக் கோப்பும் அளவோடு லாகில் வரும். இரண்டு நாள் விட்டுவிட்டு எந்த குவெரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள். அந்த குவெரியை எக்ஸ்பிளெய்ன் அனலைஸில் (குவெரி ஓடிய விதத்தைக் காட்டும் கட்டளை) ஓட்டினால் சார்ட் மெதட் வரியில் 'எக்ஸ்டர்னல் மெர்ஜ்' என்றும் டிஸ்க் அளவும் தெரியும். ஹேஷ் என்றால் பேட்சஸ் 1-க்கு மேல் இருக்கும்.

டிஸ்க்கில் 50 எம்பி என்று காட்டினால் மெமரியில் 50 எம்பி போதும் என்று நினைக்கவேண்டாம். அதே வரிசைகள் மெமரியில் கூடுதல் இடம் பிடிக்கும். இரண்டு, மூன்று மடங்கு வைத்துச் சோதியுங்கள். அப்புறம் ஒரு விஷயம்: 20 எம்பிக்காக டெம்ப் கோப்பு எழுதுவது எஸ்எஸ்டியில் பெரிய குற்றம் இல்லை. டிஸ்க்கில் இப்படி வழியும் எல்லா ஸ்பில்லையும் ஒழிக்கவேண்டும் என்று கிளம்பினால் 4-ஆம் கேள்வியின் கதிதான்.

6. மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட்தான் கனமா இருக்கு. அதுக்காக எல்லாருக்கும் ஏத்தணுமா?

வேண்டாம். அந்த ரிப்போர்ட்டை ஒரு டிரான்சாக்ஷனுக்குள் வைத்து, முதல் வரியாக 'செட் லோக்கல்' கொடுத்து ஒர்க் மெம்மை 256 எம்பி ஆக்குங்கள். கமிட் ஆனதும் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும். ரிப்போர்ட்டுக்குத் தனி யூசர் இருந்தால் ஆல்டர் ரோல் மூலம் அந்த யூசருக்கு மட்டும் வைக்கலாம். கனெக்ஷன்களைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்சாக்ஷன் முறையில் வைத்திருப்பவர்கள் வெறும் 'செட்' கொடுக்காதீர்கள். அந்த மதிப்பு சர்வர் கனெக்ஷனோடு ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் யாரோ ஒருவருக்குப் போகும்.

7. பெஞ்ச்மார்க் பண்ணச் சொல்றீங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வேகத்தை அளக்கும் பிஜிபெஞ்ச் என்ற கருவி போஸ்ட்கிரெஸோடு சேர்ந்தே வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் தொடாதீர்கள். அதே மாதிரி ரேம், அதே மாதிரி டிஸ்க் உள்ள இன்னொரு மெஷினில் வெற்று டேட்டாபேஸ் ஒன்று உருவாக்குங்கள். மைனஸ் ஐ என்பது டேபிள்களைக் கட்டும். மைனஸ் எஸ் என்பது அளவு. அளவு 1 என்றால் 1 லட்சம் வரிசை, ஏறத்தாழ 15 எம்பி.

மெமரியைச் சோதிக்க மூன்று அளவு தேவை. 16 ஜிபி ரேம், 4 ஜிபி ஷேர்டு பஃபர்ஸ் என்றால் 100 (சுமார் 1.5 ஜிபி) பஃபருக்குள் அடங்கும். 600 (9 ஜிபி) பஃபரில் அடங்காது, ரேமில் அடங்கும். 2000 (30 ஜிபி) ரேமிலும் அடங்காது. ஒரு அமைப்பு உதவுகிறதா இல்லையா என்பது இந்த மூன்றில் வேறு வேறு பதிலாக வரும். 100-ல் மட்டும் சோதித்து 'அருமை' என்று எழுதி வைப்பவர்கள் சோதித்தது ரேமை இல்லை, சிபியுவை.

ஓட்டும்போது சிறிய சி 20 (கிளையன்ட்), சிறிய ஜே 4 (த்ரெட்), பெரிய டி 900 விநாடி, பெரிய பி 10 (10 விநாடிக்கு ஒருமுறை நிலவரம்) என்று கொடுங்கள். சாதாரணச் சோதனை ஒவ்வொரு டிரான்சாக்ஷனிலும் எழுதுவதால் பெரும்பாலும் டிஸ்க்கின் வேகத்தையே காட்டும். மெமரிக்குப் பெரிய எஸ் சேர்த்து, படிப்பது மட்டும் என்று ஓட்டுங்கள். எழுதும் சோதனைக்கு அளவு எண் கிளையன்ட் எண்ணிக்கையைவிடக் குறையக்கூடாது. பிராஞ்ச் டேபிளில் அளவுக்கு ஒரு வரிசைதான் உண்டு. 50 கிளையன்ட் 10 வரிசைக்கு அடித்துக்கொண்டால் நீங்கள் அளப்பது லாக் காத்திருப்பை.

8. ஒரு தடவை 900 டிபிஎஸ், அடுத்த தடவை 1300. எதை நம்புறது?

டிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை டிரான்சாக்ஷன் என்ற எண். இரண்டையும் நம்பாதீர்கள். முதல் ஓட்டத்தில் கேஷ் காலி, இரண்டாவதில் சூடாகியிருக்கும். நடுவில் செக்பாயின்ட் (மாறிய பிளாக்குகளை டிஸ்க்கில் எழுதி முடிப்பது) வந்திருக்கலாம், ஆட்டோவேக்கம் எழுந்திருக்கலாம். செக்பாயின்ட்டின் இயல்பான இடைவெளி 5 நிமிடம். 60 விநாடி ஓட்டினால் சிலசமயம் அது சிக்கும், சிலசமயம் சிக்காது. அதனால்தான் மேலே 900 விநாடி.

முறை இது: சூடேற்ற ஒரு ஓட்டம், அதன் எண்ணைத் தூக்கிப் போடுங்கள். செக்பாயின்ட் கட்டளையைக் கையால் கொடுங்கள். எதையும் மாற்றாமல் 5 ஓட்டம் ஓட்டி, நடு எண்ணையும், கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தையும் எழுதிவையுங்கள். பிறகு ஒரே ஒரு அமைப்பை மாற்றி மறுபடி 5. வித்தியாசம் முதல் ஐந்துக்குள் இருந்த ஆட்டத்தைவிடக் குறைவாக இருந்தால் பலன் இல்லை என்றே எழுதுங்கள். எழுதும் சோதனை என்றால் டேபிள்கள் வீங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் மைனஸ் ஐ மறுபடி ஓட்டவேண்டும்.

லேப்டாப்பில் அளப்பதாக இருந்தால் சார்ஜரில் போடுங்கள், பவர் சேவிங்கை அணையுங்கள். சித்திரை வெயிலில் மூடிய அறையில் சிபியு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கிளவுடில் சிறிய மெஷின்களுக்கு முதலில் கொஞ்ச நேரம் இலவச வேகம் கிடைக்கும், கிரெடிட் தீர்ந்ததும் இறங்கும். தீர்ந்த பிறகு வரும் எண்தான் உங்கள் எண்.

9. பிஜிபெஞ்ச்ல சூப்பரா வருது. ஆனா எடை மேடை பில் வர இன்னும் 6 செகண்ட் ஆகுதே?

பிஜிபெஞ்ச் உங்கள் பில்லைப் போடவில்லையே. உங்கள் குவெரிகளைத் தனித்தனிக் கோப்புகளாக எழுதுங்கள்: லோடு பதிவு, விவசாயி கணக்கு பார்ப்பது, நாள் ரிப்போர்ட். கோப்பை மைனஸ் எஃப் மூலம் கொடுக்கலாம். கோப்புப் பெயருக்குப் பின் @8, @3, @1 என்று போட்டால் அந்த விகிதத்தில் கலந்து ஓடும். விவசாயி எண்ணை ரேண்டமாக எடுக்கும்படி எழுதுங்கள். ஒரே எண்ணையே கேட்டால் ஒரே பிளாக் கேஷில் உட்கார்ந்து பொய் வேகம் காட்டும்.

இன்னொன்று, அதிகபட்ச டிபிஎஸ் உங்களுக்குத் தேவையே இல்லை. மணிக்கு 2000 பில் என்பது விநாடிக்கு ஒன்றுகூட இல்லை. பெரிய ஆர் கொடுத்து விநாடிக்கு 5 என்று கட்டுப்படுத்தி, அந்தச் சுமையில் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். சராசரியைப் பார்க்காமல், சிறிய எல் கொடுத்து வரும் லாகை வரிசைப்படுத்தி, நூற்றில் 95-ஆவது நேரத்தை எடுங்கள். வண்டி வரிசையில் நிற்பவருக்குத் தெரிவது அந்த நேரம்தான். அது 6 செகண்டாகவே நின்றால் மெமரியை விடுங்கள், எக்ஸ்பிளெய்ன் பாருங்கள். தேதி நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் இல்லாமல் இருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

10. கேஷ் ஹிட் 99% காட்டுது. அப்போ மெமரி போதும்னு அர்த்தமா?

அர்த்தம் இல்லை. தப்பான நெஸ்டட் லூப் (ஒரு டேபிளின் ஒவ்வொரு வரிசைக்கும் மற்ற டேபிளைத் தேடுவது) ஒன்று அதே நூறு பிளாக்கை லட்சம் தடவை தொட்டால் ஹிட் 99.9% வரும், குவெரி நகராது. எதிர்ப்பக்கமும் உண்டு: போஸ்ட்கிரெஸ் 'ரீட்' என்று எண்ணுவதில் பேஜ் கேஷிலிருந்து வந்ததும் அடக்கம், டிஸ்க் தொடப்பட்டதா என்று அந்த எண் சொல்லாது. ட்ராக் ஐஓ டைமிங்கை ஆன் செய்து, எக்ஸ்பிளெய்னில் பஃபர்ஸும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பிளாக் படிக்க சராசரி 0.01, 0.02 மில்லிசெகண்ட் என்றால் பேஜ் கேஷ். 0.1 பக்கம் என்றால் எஸ்எஸ்டி. 5-க்கு மேல் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க். அங்கே ரேமைவிட முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

11. எங்க மாங்கூழ் ஆலையில 10 வருஷ டேட்டா, 40 ஜிபி ஆயிடுச்சு. 64 ஜிபி ரேம் வாங்கணும்னு வெண்டார் சொல்றார். வாங்கட்டுமா அண்ணா?

டேட்டாபேஸின் மொத்த அளவுக்கு ரேம் வாங்கத் தேவையில்லை. தினமும் தொடும் பகுதிக்குத்தான் வேண்டும். சீசனில் தொடுவது இந்த வருஷத்து லோடு பதிவுகள், விவசாயி பட்டியல், விலைப் பட்டியல், இவற்றின் இன்டெக்ஸ். பத்து வருஷத்தில் ஒரு வருஷம் என்றால் 4 ஜிபி சுற்றித்தான் வரும். 16 ஜிபி மெஷின் தாராளம். ஆனால் இரண்டு விஷயம் இந்தக் கணக்கைக் கெடுக்கும். தேதி நிபந்தனை இல்லாத ஒரு குவெரி 2015 பெங்களூரா மாங்காய் லோடு வரை எல்லாவற்றையும் கேஷுக்குள் இழுத்துவரும். முதன்மைச் சாவி ரேண்டம் யூயூஐடி (வரிசைக்கிரமம் இல்லாத நீளமான அடையாள எண்) என்றால் புதிய பதிவுகள் இன்டெக்ஸ் முழுக்கச் சிதறி விழும்; பிறகு முழு இன்டெக்ஸுமே சூடான பகுதிதான்.

பஃபரில் என்ன இருக்கிறது என்று பார்க்க பிஜி பஃபர்கேஷ் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. ஒவ்வொரு பஃபருக்கும் யூசேஜ் கவுன்ட் 0 முதல் 5 வரை. பெரும்பாலானவை 4, 5 என்றால் எல்லாரும் இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள், ஷேர்டு பஃபர்ஸ் ஏற்றிப் பார்க்கலாம். பெரும்பாலானவை 0, 1 என்றால் ஏற்றிப் பயன் இல்லை. இதைக் கார்த்திகையில் பார்க்காதீர்கள், அப்போது ஆலையே சும்மா கிடக்கும். ஜூன் கடைசியில் எடுத்த பேக்கப்பைத் தனி மெஷினில் ஏற்றி 9-ஆம் கேள்வியில் சொன்ன கலவையை ஓட்டுங்கள். அதற்குப் பிறகு வெண்டாரிடம் பேசலாம்.

12. கான்ஃபிக்ல மாத்தினேன், ரீலோட் பண்ணினேன், ஒண்ணும் மாறலையே?

ஷேர்டு பஃபர்ஸ், மேக்ஸ் கனெக்ஷன்ஸ் இரண்டுக்கும் ரீஸ்டார்ட் வேண்டும். ஒர்க் மெம்முக்கு ரீலோட் போதும். பிஜி செட்டிங்ஸ் வியூவில் 'பெண்டிங் ரீஸ்டார்ட்' நெடுவரிசையைப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் யாரோ முன்பு ஆல்டர் சிஸ்டம் கொடுத்திருப்பார். அது எழுதும் ஆட்டோ கான்ஃபிக் கோப்பு உங்கள் கோப்பை மிஞ்சும். அலகையும் கவனியுங்கள். அலகு போடாமல் 4096 என்று எழுதினால் ஒர்க் மெம்முக்கு அது கேபி, ஷேர்டு பஃபர்ஸுக்கு 8 கேபி பிளாக், அதாவது 32 எம்பி. எம்பி, ஜிபி எழுதும்போது இரண்டு எழுத்தும் பெரியது. கேபியில் மட்டும் கே சிறியது.

13. நாங்க மைஎஸ்க்யூஎல்-லதான் ஓட்டுறோம். இதெல்லாம் பொருந்துமா?

அளக்கும் முறை அப்படியே பொருந்தும். பிஜிபெஞ்ச் இடத்தில் சிஸ்பெஞ்ச். அமைப்பில் முக்கியமானது ஒன்றே ஒன்று: இன்னோடிபி பஃபர் பூல் சைஸ். ஆரம்ப மதிப்பு இங்கேயும் 128 எம்பி. தனி மெஷினில் ரேமின் 70% வைக்கலாம், ரீஸ்டார்ட் இல்லாமலே மாற்றலாம். சார்ட் பஃபர், ஜாயின் பஃபர் இரண்டும் 256 கேபியில் இருக்கும். அவற்றைப் பொதுவாக ஏற்றாதீர்கள், 4-ஆம் கேள்வியின் பெருக்கல் இங்கேயும் உண்டு. பழைய குறிப்புகளில் குவெரி கேஷ் பற்றி வந்தால் தாண்டிவிடுங்கள். 8.0-ல் அதை நீக்கிவிட்டார்கள்.

14. கவுன்டர்ல இருக்கற விண்டோஸ் கம்ப்யூட்டர்தான் சர்வர், 8 ஜிபி. அதுலயே பில்லிங்கும் பிரவுசரும் ஓடுது.

25% என்பதை 8-க்குப் போடாதீர்கள். கூட்ட நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மற்றவை தின்றது போக மீதியைப் பாருங்கள். 3 ஜிபி மீதி என்றால் ஷேர்டு பஃபர்ஸ் 512 எம்பி, ஒர்க் மெம் 8 எம்பி போதும். ஆன்ட்டிவைரஸில் டேட்டா ஃபோல்டரை விலக்குங்கள், அது மெமரி மாற்றங்களைவிட அதிகம் கொடுக்கலாம். பெஞ்ச்மார்க்கில் எண் ஏறுகிறது என்று எழுதியது டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்யும் எஃப்சிங்க்கை மட்டும் அணைக்காதீர்கள். யூபிஎஸ் பேட்டரி போன நாளில் கரண்ட் போனால் டேட்டாபேஸே கெட்டுப்போகும்.

15. மத்தியானம் திடீர்னு எல்லாருக்கும் ஒரே நேரத்துல கனெக்ஷன் கட் ஆகுது. ஒரு நிமிஷத்துல தானா வந்துடுது. என்ன இது?

போஸ்ட்கிரெஸ் லாகில் 'சிக்னல் 9' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மெமரி தீர்ந்து லினக்ஸின் ஓஓஎம் கில்லர் ஒரு பிராசஸைக் கொன்றிருக்கிறது. டிமெஸ்ஜி கட்டளையிலும் பதிவு இருக்கும். ஒரு பிராசஸ் இப்படிச் செத்தால், பொது மெமரி கெட்டிருக்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் எல்லாரையும் துண்டித்துவிட்டு மறுபடி எழும். அதனால்தான் ஒருவர் ஓட்டிய ரிப்போர்ட்டுக்கு ஊரே வெளியே வருகிறது.

4-ஆம் கேள்விக் கணக்கை முதலில் எழுதுங்கள். பிறகு தனி மெஷின் என்றால் இருப்பதற்கு மேல் மெமரி தர ஒப்புக்கொள்ளாதே என்று லினக்ஸிடம் சொல்ல விஎம் ஓவர்கமிட் மெமரியை 2 ஆக்கலாம். அப்போது மெமரி கேட்ட அந்த ஒரு குவெரி மட்டும் பிழையோடு நிற்கும். ஓவர்கமிட் ரேஷியோ ஆரம்பத்தில் 50. ஸ்வாப் (ரேம் போதாதபோது மெமரியாகப் பயன்படும் டிஸ்க் பகுதி) இல்லாத 16 ஜிபி மெஷினில் 8 ஜிபிக்கு மேல் தராது, எனவே 80 பக்கம் ஏற்றவேண்டும். விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் வேலை நேரத்தில் தொடர்ந்து 0-க்கு மேல் இருந்தால் ஸ்வாப் ஓடுகிறது. அந்த நிலையில் எடுத்த எந்தப் பெஞ்ச்மார்க்கும் செல்லாது.

16. கனெக்ஷன் 200 வச்சிருக்கோம், ஷேர்டு பஃபர்ஸ் 8 ஜிபி. கணக்குக்கு மேல 3 ஜிபி எங்கேயோ போகுது.

பேஜ் டேபிளில் (மெமரியின் எந்தப் பக்கம் எங்கே என்று ஒவ்வொரு பிராசஸுக்கும் லினக்ஸ் வைக்கும் பட்டியல்) போகிறது. 8 ஜிபியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் 20 லட்சத்துக்கு மேல். பக்கத்துக்கு 8 பைட் என்றால், பஃபரை முழுக்கத் தொட்ட ஒவ்வொரு பிராசஸுக்கும் 16 எம்பி. 200 பேருக்கு 3.2 ஜிபி. மெம்இன்ஃபோவில் பேஜ்டேபிள்ஸ் வரியில் தெரியும். ஹியூஜ் பேஜஸ் வைத்தால் பக்கம் 2 எம்பி ஆகி இந்தச் செலவு சில எம்பிக்கு இறங்கும். எத்தனை வேண்டும் என்பதை 'ஷேர்டு மெமரி சைஸ் இன் ஹியூஜ் பேஜஸ்' என்ற அமைப்பே சொல்லும். அதைவிட முதலில் கேட்கவேண்டியது, 200 எதற்கு? பிஜிபவுன்சர் வைத்து 30-க்கு இறக்கினால் 4-ஆம் கேள்விக் கணக்கும் இளகும்.

17. ஷேர்டு பஃபர்ஸை 4-லிருந்து 16 ஜிபி ஆக்கினேன், மெஷின்ல 64 இருக்கு. பில்லிங் ஸ்லோ ஆயிடுச்சு. எப்படி?

25%-தான், விதிப்படி தப்பில்லை. ஆனால் உள்ளே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. ஷேர்டு பஃபர்ஸில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பெரிய டேபிளை முழுக்கப் படிக்கும்போது போஸ்ட்கிரெஸ் 256 கேபி வளையம் ஒன்றை மட்டும் பயன்படுத்தும், மற்றவர்களின் பிளாக்குகளைத் தள்ளாது. உங்களிடம் 3 ஜிபி டேபிள் இருந்தது என்று வையுங்கள். முன்பு எல்லை 1 ஜிபி, வளையத்தில் ஓடியது. இப்போது எல்லை 4 ஜிபி. ரிப்போர்ட் ஓடும்போதெல்லாம் அந்த 3 ஜிபி முழுசாக உள்ளே வந்து பில்லிங் பிளாக்குகளை வெளியே தள்ளுகிறது. பிஜி பஃபர்கேஷில் ரிப்போர்ட்டுக்கு முன்னும் பின்னும் டேபிள்வாரியாக எண்ணினால் உறுதியாகும். அப்படியானால் அந்த முழுப் படிப்பை இன்டெக்ஸால் தவிருங்கள், அல்லது 8 ஜிபிக்கு இறங்கி மறுபடி அளந்து பாருங்கள்.

ரீஸ்டார்ட் ஆன முதல் அரைமணி நேரம் மட்டும் ஸ்லோ என்றால் காரணம் வேறு: பஃபர் காலியாக இருக்கிறது. பிஜி ப்ரீவார்மை ஷேர்டு ப்ரீலோட் லைப்ரரீஸில் சேர்த்தால், உள்ளே இருந்த பிளாக்குகளின் பட்டியலை 300 விநாடிக்கு ஒருமுறை எழுதிவைத்து, எழுந்ததும் தானே ஏற்றிக்கொள்ளும்.

18. டாக்கர்ல ஓட்டுறோம். ரேம் நிறைய இருக்கு, ஆனா பெரிய ரிப்போர்ட்ல 'ஷேர்டு மெமரி செக்மென்ட்டை ரீசைஸ் பண்ண முடியல, டிஸ்க்ல இடமில்ல'ன்னு எரர் வருது.

டிஸ்க் நிரம்பவில்லை. டாக்கர் கன்டெய்னருக்குள் ஷேர்டு மெமரிக்கு இயல்பாக 64 எம்பிதான் தரும். பேரலல் குவெரியின் ஒர்க்கர்கள் பொது ஹேஷ் டேபிளை அங்கேதான் கட்டுகிறார்கள். கன்டெய்னரைக் கிளப்பும்போது எஸ்ஹெச்எம் சைஸ் 1 ஜிபி என்று கொடுங்கள். கன்டெய்னருக்கு மெமரி வரம்பு வைத்திருந்தால் இந்த 1 ஜிபியும் அதற்குள்தான் வரும். 4-ஆம் கேள்விக் கணக்கை மெஷினின் ரேமுக்குப் போடாமல் அந்த வரம்புக்குப் போடுங்கள்.